கேட் போட்டால் சரியாகிவிடும் அம்பாசடர்: டீசல் எங்கே நிற்கிறது?

கொரடாச்சேரிக்காரன்

அப்பா ஓட்டிய வண்டி, 94 மாடல் அம்பாசடர் டீசல், 1489 சிசி, டீசலை எஞ்சினுக்குள் பீச்சுகிற நாசிலுக்கு அழுத்தித் தள்ளுவது ரோட்டரி பம்ப். அவர் போன பிறகு இரண்டு வருடம் கொட்டகையில் நின்றது. போன தை அறுவடை சமயத்தில்தான் பேட்டரி மாற்றிக் கிளப்பினேன். ஹீட்டர் பிடித்துச் சாவி திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும், நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும், குறையே சொல்ல முடியாது. தஞ்சாவூர் போகலாம் என்று கிளம்பி அறுபதில் ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஆகிவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் நாற்பது, முப்பது, அப்புறம் அணைந்தே போய்விடும். கரும்புகை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், கேட் போட்டால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. திக்கித் திணறி அங்கே வந்து சேர்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து கிளப்பினால் புது வண்டி மாதிரி பறக்கிறது. சாலியமங்கலம் வருவதற்குள் மறுபடி அதே கதை. கேட் போட்டால் சரியாகிற வண்டி என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

ஃபில்டர் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, அந்த ரோட்டரி பம்ப் போய்விட்டது, கழற்றி அனுப்பி காலிபரேஷன் செய்ய வேண்டும், 18,000 ஆகும் என்கிறார். நாளை மறுநாள் கழற்ற வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடலாமா?

பழைய பட்டறை

கொடுக்காதீர்கள் தம்பி. முப்பது வருஷம் கும்பகோணத்தில் டீசல் பட்டறையில் நின்றவன் நான். பம்ப் கழற்றினால்தான் எங்களுக்குக் கூலி, இருந்தும் சொல்கிறேன். தேய்ந்துபோன பம்ப் கேட் போட்டால் சரியாகாது. அது படுத்துகிற விதமே வேறு: காலையில் குளிரில் கிளம்பும், ஓடிச் சூடான பிறகு அணைத்தால் கிளம்பவே கிளம்பாது, தலையில் ஈரச் சாக்கைப் போட்டால்தான் கிளம்பும். சூட்டில் டீசல் இளகி, உள்ளே தேய்ந்த இடுக்கு வழியாகக் கசிந்துவிடுகிறது, அதுதான் காரணம். உங்கள் வண்டி சூட்டோடு சூடாகக் கிளம்புகிறது என்கிறீர்கள். கரும்புகையும் இல்லை. காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் கரும்புகை கக்கும். புகை இல்லாமல் இழுவை போகிறது என்றால் வயிற்றுக்குச் சோறு போகவில்லை.

சில விஷயம் சொல்லுங்கள். அணைந்த உடனே, காத்திருக்காமல், சாவி திருப்பினால் என்ன ஆகிறது? வண்டி நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பார்த்தீர்களா, உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்ததா? டீசல் எங்கே போடுகிறீர்கள்?

தாளடி

எங்கள் டிராக்டருக்கு இப்படி வந்தது. டேங்க்கில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டினோம், அழுக்கெல்லாம் கரைந்து போய்விட்டது. எதற்கு இவ்வளவு விசாரணை?

பழைய பட்டறை

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். இன்லைன் பம்பில் கீழ்ப்பாகமாவது ஆயிலில் ஓடும். ரோட்டரி பம்புக்கு அந்த டீசல்தான் எண்ணெய், வேறு ஒரு சொட்டு கிடையாது. மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு இல்லை. அழுக்கு கரைகிறதோ இல்லையோ, பம்ப் தேயும்.

தாளடி

எங்கள் டிராக்டரிலும் ரோட்டரி பம்ப்தான் ஐயா.

பழைய பட்டறை

அப்படியானால் அதிலும் நிறுத்துங்கள்.

கீழவீதி

எல்லாம் புது டீசல் செய்கிற வேலை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற மாசு விதி வந்ததிலிருந்து டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதற்கு முன்னால் 50 இருந்தது, இந்த வண்டி பிறந்த காலத்தில் அதைப்போலப் பல மடங்கு. பழைய ரப்பர் எல்லாம் சுருங்கிப்போய்க் காற்று இழுக்கும். ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

நாகைக் கரை

கீழவீதி சார் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. முப்பது வருஷம் பழைய எண்ணெய் குடித்து உப்பிய ரப்பர் சீல், புது டீசலில் சுருங்கிக் கசியும், நாங்களும் பார்த்திருக்கிறோம். ஆனால் காற்று இழுக்கிற வண்டி கேட்டில் நின்றால் சரியாகுமா? நின்றால் இன்னும் மோசமாகும். டீசல் டேங்க் பக்கம் இறங்கிவிடும், காலையில் கிளப்பவே பத்து நிமிஷம் அடிக்க வேண்டும். இவர் வண்டி உடனே பிடிக்கிறது என்கிறார்.

சந்தேகம் என்றால் ஊகம் வேண்டாம், கண்ணால் பார்க்கலாம். நான் விசைப்படகில் டிரைவர், எங்களுக்குக் கடலில் நின்றால் கேட் கீட் எதுவும் கிடையாது, அதனால் இதெல்லாம் பழக்கம். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தருகிற ஏசி பம்புக்கு உள்ளே வருகிற ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு முழம் கண்ணாடி ட்யூப் போடுங்கள், லெவல் பார்க்கக் கொத்தனார் வைத்திருப்பாரே, அது போதும். குமிழி குமிழியாக வந்தால் காற்று. குமிழி இல்லாமல், வேகம் கூட்டும்போது ட்யூப் சப்பி ஒட்டிக்கொண்டால் பின்னால் அடைப்பு. அந்த ட்யூபை அப்படியே விட்டுவிடாதீர்கள், எஞ்சின் சூட்டில் இளகிக் கழன்றுவிடும், பார்ப்பதற்கு மட்டும்தான்.

கொரடாச்சேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக்கிடம் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன்.

ஐயா கேட்டதற்கு: அணைந்த உடனே சாவி திருப்பினால் கிளம்புகிறது, ஐடிலில் நிற்கிறது, ஆனால் கியர் போட்டு இழுத்தால் மறுபடி படுத்துவிடும். பத்து நிமிஷமாவது அணைத்து வைத்தால்தான் முழு இழுவை வருகிறது. மூடி திறந்து பார்த்தேன், சத்தம் எதுவும் இல்லை. மூடியைத் திறந்து வைத்தபடியே ஓட்டியும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை.

டீசல் பாதி பங்க்கில், பாதி வீட்டுப் பேரலில். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அப்பா அலைந்த அலைச்சலில், அதற்குப் பிறகு வீட்டில் எப்போதும் ஒரு பேரல் நிற்கும். பம்ப்செட்டுக்கும் அதிலிருந்துதான்.

குடமுருட்டி

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுக்கிறேன். கேட் விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்லட்டுமா. இந்த வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 60இல் போனால் மணிக்கு 4 லிட்டர் எரிகிறது. ஐடிலில் நிற்கும்போது ஒரு லிட்டர்கூட எரியாது. அதனால் குழாய் முக்கால் பங்கு அடைந்திருந்தாலும் ஐடிலில் உங்களுக்குத் தெரியவே தெரியாது, வாசலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்க்கிற மெக்கானிக்குக்கும் தெரியாது. ஃபில்டர் கிண்ணத்திலும் பம்பிலும் இருக்கிற டீசல் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் வரத்து பற்றாது. ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மதகில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது, வாய்க்காலில் தேங்கியிருக்கிற தண்ணீர் தீரும்வரை வயல் பாயும், அதே கதைதான்.

நிலையான அடைப்பு, உதாரணமாகக் கல் பட்டு நசுங்கிய குழாய், நின்றாலும் நசுங்கியேதான் இருக்கும். எஞ்சினை அணைத்து வைத்தால் விலகுகிற அடைப்பு என்றால், உறிஞ்சும்போது வந்து ஒட்டி, உறிஞ்சாதபோது உதிர்கிற ஏதோ ஒன்று. அப்படி ஒட்டுகிற இடம் டேங்க்குக்குள் இருக்கிற உறிஞ்சு குழாயின் வாய்தான். அங்கே ஒரு வலைத்தொப்பி இருக்கும்.

பழைய பட்டறை

மேடம் சொன்னதுதான் சரி. நான் அனுபவத்தில் சொல்வதை அவர் கணக்கில் சொல்லிவிட்டார்.

தம்பி, இப்போது கேன் வைத்துப் பாருங்கள். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல், அதிலிருந்து ஒரு ஹோஸ் நேராக ஏசி பம்ப் வாய்க்கு. டேங்க்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, ஒரு போல்ட் சொருகி, கிளிப் போட்டு அடைத்துவிடுங்கள். கேனை பானட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுங்கள். சைலன்ஸர் பக்கம் வேண்டாம். மிஞ்சுகிற டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்க்குக்குப் போவதால் கேன் நினைத்ததைவிடச் சீக்கிரம் காலியாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இருபது கிலோமீட்டர் நன்றாகப் போனால் பம்ப், நாசில், ஃபில்டர் எல்லாம் நல்லபடி, குற்றவாளி பின்னால் இருக்கிறான்.

நாகைக் கரை

அண்ணே, கேனைத் தொங்கவிட்டால் டீசல் தானாக இறங்கும், ஏசி பம்புக்கு வேலையே இருக்காது. உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், தொய்ந்து உறிஞ்சத் திராணி இல்லாத பம்புகூட அதில் பாஸாகிவிடும். தரை மட்டத்துக்கு, இடது பக்க சீட்டில் உட்காருகிறவர் காலடியில் வையுங்கள். பம்ப் கீழிருந்து உறிஞ்ச வேண்டும்.

பழைய பட்டறை

ஒப்புக்கொள்கிறேன் நாகை. பட்டறையில் தொங்கவிட்டே பழகிவிட்டோம். கீழே வைத்தே பாருங்கள் தம்பி. கதவோரமாக ஹோஸைக் கொண்டுபோங்கள், மடங்கிவிடக் கூடாது. கேன் மூடியில் ஒரு ஓட்டை வேண்டும், இல்லையென்றால் கேனே சுருங்கிக்கொண்டு அதுவும் ஒரு அடைப்பாகிவிடும்.

வாடகை வண்டி

மாயவரத்தில் பதினைந்து வருஷம் இதே மாடல் ஓட்டினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். டீசல் நுரையீரலுக்குள் போனால் வாந்தி பேதியோடு போகாது, ஆஸ்பத்திரிதான். எங்கள் ஸ்டாண்டில் ஒரு பையன் பத்து நாள் படுத்துக் கிடந்தான்.

கொரடாச்சேரிக்காரன்

கேன் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மச்சான் காலடியில் கேன், அவர் வேட்டி முழுக்க டீசல், வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் எனக்குத்தான் திட்டு. ஆனால் வண்டி! கொரடாச்சேரியிலிருந்து அம்மாப்பேட்டை வரை எங்கேயும் திணறவில்லை. கேட் திறந்திருந்தது, நிற்காமல் போனேன். திரும்பி வரும்போது எழுபது வரை மிதித்தேன். எதிர்க்காற்றிலும் இழுக்கிறது.

கண்ணாடி ட்யூபும் போட்டேன். டேங்க் லைனில் ஓட்டும்போது குமிழி இல்லை, ட்யூப் தட்டையாகச் சப்பிக்கொண்டது. 18,000 மிச்சம். அடுத்து என்ன?

பழைய பட்டறை

மிச்சம் என்று இப்போதே சொல்லாதீர்கள், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஏசி பம்ப் பக்கம் லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்பால் டேங்க்கை நோக்கி ஊதுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டுவந்து முழு அழுத்தத்தில் விடாதீர்கள். பழைய இரும்புக் குழாய், எங்காவது மெலிந்திருந்தால் பிய்ந்துவிடும். ஒரு ஆள் டேங்க் வாயில் காது வைத்துக் கேட்கட்டும். கொதிக்கிற உலை மாதிரி குபுகுபுவென்று சத்தம் வந்தால் லைன் திறந்துவிட்டது.

ஃபில்டர் பக்கமாக ஊதிவிடாதீர்கள், டேங்க்கில் இருக்கிற கசடை நாமே பம்புக்கு அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடும்.

கொரடாச்சேரிக்காரன்

ஊதினேன். முதல் நாலு அடிக்குக் கை வலித்தது, கல்லில் முட்டுகிற மாதிரி. ஐந்தாவது அடியில் பொளக்கென்று விட்டது, டேங்க்கில் குபுகுபு. லைனை மாட்டி ஓட்டினால் அற்புதம். தஞ்சாவூர் போய், பெரிய கோயில் வரை போய்த் திரும்பிவிட்டேன். இழையை முடித்துவிடலாம். எல்லோருக்கும் நன்றி.

குடமுருட்டி

முடிக்காதீர்கள். அடைத்த பொருள் எங்கே போனது? டேங்க்குக்குள்தானே தள்ளினீர்கள்.

கொரடாச்சேரிக்காரன்

மேடம் வாயில் சர்க்கரை போட வேண்டும், ஆனால் எனக்கு அழுகைதான் வருகிறது. சரியாக மூன்றாம் நாள். திருவாரூர் போய்விட்டு வரும்போது குளிக்கரை பக்கத்தில் அதே இழுப்பு. இந்தப் பக்கம் கேட்டும் இல்லை, வேப்பமர நிழலில் கால் மணி நேரம் நின்று வந்தேன்.

வாடகை வண்டி

டேங்க்கை இறக்காமல் தீராது. நானும் ஒரு வருஷம் ஊதி ஊதியே ஓட்டினேன், டிக்கியில் சைக்கிள் பம்ப் நிரந்தரமாக இருக்கும். சவாரிக்காரர்கள் எதற்கு என்று கேட்பார்கள்.

பழைய பட்டறை

இறக்குங்கள். டீசலை முதலில் வடித்துவிடுங்கள், பாதி டேங்க் டீசலோடு கழற்றினால் அந்த எடை கையில் நிற்காது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கட்டை முட்டுக் கொடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள், கேஜ் ஒயர் டேங்க் மேலேதான் இருக்கிறது. வடிக்கிற டீசலில் ஒரு பாட்டில் எடுத்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள், கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும். காலையில் அது எல்லாக் கதையையும் சொல்லும்.

கொரடாச்சேரிக்காரன்

ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது, ஆனால் பார்த்துவிட்டேன்.

பாட்டிலில் முதலில்: அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக ஓர் ஆடை, பாலாடை மாதிரி. குச்சியால் தொட்டால் இழுபடுகிறது, வாடை வேறு.

உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தேன். வாயில் செம்பு வலைத்தொப்பி. அதில் ஒட்டியிருந்தது என்ன தெரியுமா? நெல் பதர். பதரும் அந்தக் கறுப்புப் பசையும் சேர்ந்து, சுவருக்கு வைக்கோல் போட்டு மண் குழைத்த மாதிரி அப்பியிருக்கிறது. சிலது கையில் எடுக்கும்போதே உதிர்ந்து மிதக்கிறது. டேங்க் அடியில் துருச் செதில், ஒரு கைப்பிடி.

பதர் எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். தை கடைசியில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது, அதற்குப் பத்தடி தள்ளி நின்று பேரலிலிருந்து புனல் வைத்து நானேதான் ஊற்றினேன். புனலில் வலை இல்லை. இரண்டு மாதமாகப் பங்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாகைக் கரை

அந்தக் கறுப்பு ஆடை பூசணம் மாதிரி ஒரு சமாச்சாரம். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளரும். தண்ணீர் இல்லையென்றால் அதற்கு வாழ்வு இல்லை. அதனால் மருந்து தேடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டு வருஷம் அரை டேங்க்கில் நின்ற வண்டி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் டேங்க் உள்சுவர் வியர்த்து வியர்த்துக் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் இரண்டு விரல் தண்ணீர் அதில் மட்டும் வராது. உங்கள் பேரல் எப்படி நிற்கிறது? நிமிர்த்தியா, வெளியிலா?

கொரடாச்சேரிக்காரன்

நிமிர்த்தித்தான். தாழ்வாரத்து ஓரத்தில். மழையில் மேலே தண்ணீர் தேங்கும், ஆனால் மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.

நாகைக் கரை

அங்கேதான் ஏமாறுகிறீர்கள். நிமிர்ந்த பேரலின் தலை ஒரு தட்டு, விளிம்பு உயர்ந்து நிற்கிறது, மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கும். பகலில் வெயிலில் உள்ளே இருக்கிற காற்று விரிந்து மரை வழியாக வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி உள்ளே இழுக்கும். அப்போது மூடி மேலே நிற்கிறது காற்று இல்லை, தண்ணீர். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மடக்கு. எங்கள் படகுத்துறையில் பேரலை வெளியில் நிமிர்த்தி வைக்க விட மாட்டார்கள். படுக்கப் போடுங்கள், இரண்டு மூடியும் டீசல் மட்டத்துக்குக் கீழே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சமமாக வருகிற மாதிரி. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்றால் ஓலைக் கூரைக்கு உள்ளே வையுங்கள், கொஞ்சம் சாய்த்து, தாழ்ந்த பக்கத்தில் எந்த மூடியும் வராத மாதிரி. எடுக்கும்போது அடி நாலு விரலைத் தொடாதீர்கள்.

வடிகட்டப் பழைய வேட்டியைக் கட்டுவார்கள், அதில் நூல் பிரிந்து அது வேறு அடைக்கும். நெருக்கமான நைலான் வலையோ, கம்பி வலைப் புனலோ வாங்குங்கள்.

கொரடாச்சேரிக்காரன்

டேங்க் கழுவ: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி இரண்டு கை கருங்கல் சல்லியும் மூன்று லிட்டர் டீசலும் போட்டு, வாயை அடைத்து, நானும் மச்சானும் தூளியில் பிள்ளை ஆட்டுகிற மாதிரி ஆட்டினோம். நாலு தடவை. துரு கொட்டிவிட்டது, நாலாவது தடவை டீசல் தெளிவாக வந்தது. ஆனால் துரு போன இடத்தில் ஒரு மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை, ஈரம் கசிகிறது. நம் ஊர் வெல்டர், டீசல்தானே, பெட்ரோல் இல்லையே, காஸ் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்துவிடலாம் என்கிறார்.

பழைய பட்டறை

வேண்டாம் வேண்டாம் வேண்டாம். இதைப் படித்தவுடன் பதில் போடுங்கள், டேங்க் எங்கே இருக்கிறது?

குடமுருட்டி

தயவுசெய்து நிறுத்துங்கள். டீசல் சாதாரணச் சூட்டில் பெட்ரோல் மாதிரி ஆவியாகாது என்பது உண்மை. வெல்டிங் தீ படும்போது தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற டீசல் ஆவியாகும், மூடிய பெட்டி, உள்ளே காற்று. வெறும் டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து.

கொரடாச்சேரிக்காரன்

வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது ஐயா. வெல்டரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பழைய பட்டறை

நல்லது. ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள். காஸ்டிக் சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்கில் அலசுவார்கள், அப்புறம் ஈயம் வைத்து அடைப்பார்கள். தீயே படாமல் வேண்டுமென்றால், கழுவிக் காயவைத்து, சுரண்டி, டீசல் தாங்குகிற எபாக்ஸி பூசலாம், ஊசி ஓட்டைக்கு அதுவும் நிற்கும். எதுவானாலும் கடைசியில் வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் மறுபடி பூசணம்.

கையோடு கையாக, டேங்க்கிலிருந்து முன்னால் போகிற இரும்புக் குழாயைத் தனியாக ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பம்ப் வாயில் இருக்கிற, நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், சிலதில் உள்ளே சின்ன வலை இருக்கும். ரோட்டரி பம்ப் கடைசித் தட்டில், டீசல் நுழைகிற இடத்தில் ஒரு நைலான் வலையும் உண்டு. ஆனால் அதைத் திறந்தால் சின்ன ஸ்பிரிங் எல்லாம் துள்ளி ஓடிவிடும். வண்டி நன்றாக இழுத்தால் அதைத் தொடவே தொடாதீர்கள்.

கொரடாச்சேரிக்காரன்

ஈயம் வைத்தாகிவிட்டது. டேங்க் ஏற்றி, 15 லிட்டர் பங்க் டீசல், புது ஃபில்டர். இப்போது ஏர் எடுப்பதில், அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவதில், நிற்கிறேன். ஏசி பம்ப் கை நெம்பை அடிக்கிறேன், தொளதொளவென்று ஆடுகிறது, ஒன்றும் வரவில்லை. பம்ப் போய்விட்டதா?

வாடகை வண்டி

போகவில்லை. கேம் மேடு அந்த நேரம் பம்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கியரில் போட்டு வண்டியை ஒரு தள்ளு தள்ளுங்கள், எஞ்சின் ஒரு சுற்று சுற்றட்டும், நெம்பு கனக்க ஆரம்பிக்கும். இது தெரியாமல் நல்ல பம்பைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

பழைய பட்டறை

அதேதான். நெம்பு கனத்ததும், முதலில் ஃபில்டர் தலையில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்த டீசல் வரும்வரை அடியுங்கள், இறுக்குங்கள். அடுத்து பம்ப் பக்கவாட்டில் கீழே இருக்கிற ஸ்க்ரூ, அப்புறம் மேலே, வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னரின் மூடியில் இருக்கிற ஸ்க்ரூ. கீழே முடித்த பிறகுதான் மேலே. கடைசியாக இரண்டு நாசில் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். அப்போது நாசில் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், 100 பாருக்கு மேல் அழுத்தம், தோலைத் துளைத்து உள்ளே போகும், முதலில் வலிக்கவே வலிக்காது, அப்புறம் கையே போய்விடும். துணியைப் போட்டு மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள், பத்துப் பதினைந்து நொடி, அப்புறம் ஒரு நிமிஷம் ஓய்வு. செப்பு வாஷர் பழசுதான் என்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும், கசியாது. புதுசு கிடைத்தால் புதுசே போடுங்கள், ரூபாய்க் கணக்குத்தான்.

கொரடாச்சேரிக்காரன்

வண்டியை அரை அடி தள்ளியதும் நெம்பு கனத்துவிட்டது! மூன்றாவது செல்ஃபில் பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, ஒரு பக்கம் மட்டும் அடித்த மாதிரி தடதடத்து, அரை நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

பதினொரு நாள் ஆகிவிட்டது, 340 கிலோமீட்டர். தஞ்சாவூர் மூன்று தடவை, வேளாங்கண்ணி ஒரு தடவை. டேங்க்குக்கும் ஏசி பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி தெரிகிற சின்ன ஃபில்டர் ஒன்று போட்டிருக்கிறேன், முதல் நாள் இரண்டு துருத்துகள் வந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பதரா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், கோபம் எதுவும் இல்லை, ஆயில் மாற்ற அவரிடமே விடப்போகிறேன். பேரலைப் படுக்கப் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம், ஏசி பம்ப் டயாஃப்ரம் கிட் முன்னெச்சரிக்கையாக ஒன்று வாங்கி வைக்கலாமா?

வாடகை வண்டி

வாங்கி வைக்கலாம், ஆனால் கசியாதவரை பிரிக்க வேண்டாம். கும்பகோணத்தில் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் கேளுங்கள், பழைய டயாஃப்ரத்தைக் கையில் எடுத்துப்போனால் அளவு பார்த்துக் கொடுப்பார்கள். அடுக்கில் கிடந்து காய்ந்த ரப்பராக இருந்தால் வாங்காதீர்கள், மடக்கிப் பார்த்து வெடிப்பு இல்லாததாக எடுங்கள்.

தாளடி

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் டிராக்டர் டேங்க்கை இன்று வடித்தோம். அரை டம்ளர் தண்ணீர். அடியில் ஒரு பால்பாயிண்ட் பேனா மூடி கிடந்தது, நீலம். என் பையனுடையதுதான், கேட்டால் எனக்குத் தெரியாது என்கிறான்.